இறக்கை சாய்ந்தால் மஞ்சள் குமிழ்

வெள்ளவத்தையில் விமானி உரிமத் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பலர் இரத்மலானையில் செஸ்னா என்ற சிறு விமானத்தில் பழகுகிறவர்கள். எஞ்சின் இல்லாத விமானமான கிளைடர் பற்றிப் பேச்சு வந்தால், இன்னொரு விமானம் அதைக் கயிற்றில் இழுக்கத் தொடங்கும் முதல் சில விநாடிகளை விட்டு நகர எனக்கு மனம் வராது. இங்கிலாந்தில் கிளைடர் பயிற்றுநராக இருந்தபோது நான் அதிகம் கவலைப்பட்டது அந்த விநாடிகளைப் பற்றித்தான்.

செஸ்னா மூன்று சக்கரத்தில் தானாக நிமிர்ந்து நிற்கும். கிளைடரின் பாரத்தைத் தாங்குவது நடுவில் இருக்கும் ஒரே சக்கரம். 15 மீற்றர் இறக்கையின் நுனியை ஒருவர் பிடித்தபடி கொஞ்சத் தூரம் கூடவே ஓடுவார். அவர் விட்டதும் இறக்கையை மட்டமாக வைத்திருக்க, அதன் பின்விளிம்பில் அசையும் எய்லரான் மட்டும்தான் உண்டு. ஆனால் அந்த வேகத்தில் அதற்குக் காற்று போதாது. மென்மையாகத் திருத்தினால் ஒன்றும் நடக்காது. எய்லரானை அசைக்கும் ஸ்டிக்கை ஓரம் வரை தள்ள வேண்டும், வேகம் ஏற ஏறக் குறைக்க வேண்டும். எய்லரான் மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். அதை வாலில் இருக்கும் சுக்கானால் பிடிக்க வேண்டும்.

"இறக்கை புல்லில முட்டினா, சேர்?" என்று ஒரு மாணவி கேட்டார்.

"கயிற்றை விடுங்கோ, பிள்ளை."

"ஒருக்கா எழுப்பிப் பாக்கக்கூடாதா?"

கூடாது. புல்லில் உரசும் நுனி கிளைடரை அந்தப் பக்கம் திருப்பும். முன்னே போகும் விமானமோ இழுத்துக்கொண்டே இருக்கும். கோணலாக மேலே கிளம்பினால் இறக்கை நிலத்தில் குத்திப் புரண்டுவிடும். யோசிக்க நேரம் இருக்காது. அதனால்தான் இடது கை தொடக்கத்திலிருந்தே, கயிற்றை விடுவிக்கும் மஞ்சள் குமிழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நுனி முட்டும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மட்டமாக வைக்க முடியவில்லை என்று தெரிந்தாலே போதும், விட்டுவிடலாம்.

குறுக்குக் காற்றில் இது இன்னும் கடினம். வாலில் காற்று பட்டு, மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். கயிறு மூக்கில் மாட்டியிருந்தால் இழுவையே நேராக்கிவிடும்; வயிற்றுப் பக்கக் கொக்கியில் அந்த உதவி குறைவு. இரண்டும் இருக்கிற கிளைடரில் மூக்குக் கொக்கியைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அப்புறம், கிளைடர்தான் முதலில் எழும்பும். இழுக்கிற விமானம் எழும்பும்வரை சில அடி உயரத்திலேயே நிற்க வேண்டும். மேலே போனால் கயிறு அதன் வாலைத் தூக்கும்; அந்த விமானியால் மூக்கை உயர்த்த முடியாமல் போகும். இதை மட்டும் நான் குரலை உயர்த்தித்தான் சொல்வேன்: முன்னே போகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போனால், அந்தக் கணமே விடுங்கோ.