அந்தக் கட்டத்தில் எழுதியது

சான்றிதழில் டெம்பர் சூடு எழுதும் கட்டத்தைக் காட்டி, "200 என்று எழுது தம்பி, யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்றார் பட்டறை ஆசான். டெம்பர் என்றால் கடினமாக்கிய எஃகை மறுபடி மிதமாகச் சூடேற்றி, நொறுங்கும் தன்மையைத் தணிப்பது. நான் எழுதவில்லை. "நிறம் பார்த்து டெம்பர் செய்தது, வெளிர் மஞ்சள்" என்று எழுதினேன். வாளையாறு எல்லை தாண்டிப் போன பஞ்சுகள், அதாவது துளையிடும் எஃகுக் கருவிகள், அத்தனையும் அந்த வரியால் திரும்பி வந்தன.

ஆசான் செய்ததில் பிழை இருந்ததா? ஓஎச்என்எஸ் என்ற, எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் எஃகால் ஆன பஞ்சுகளை 800 டிகிரிக்குச் சூடேற்றி எண்ணெயில் முக்கி எடுத்த நேரத்தில், பட்டறை இருக்கும் கஞ்சிக்கோட்டில் கரண்ட் போனது. டெம்பர் ஆகாத அந்த எஃகு கண்ணாடிக்குச் சமம். உள்ளழுத்தம் தணியாமல் இரவெல்லாம் கிடந்தால் காலையில் விரிசல் விட்டிருக்கலாம். அவர் ஒவ்வொன்றையும் எமரித் தாளால் வெள்ளையாகத் தேய்த்து, அடிப்பக்கத்தில் கேஸ் டார்ச்சைக் காட்டி, மஞ்சள் முனைவரை ஏறியதும் எண்ணெயில் முக்கினார். மறுநாள் கடினத்தன்மை அளக்கும் ராக்வெல்லில் 59 காட்டியது. பஞ்சின் வரைபடம் கேட்டதும் அதைத்தான்.

ஆனால் நிறம் மேல்தோலின் கதை. ஆக்சைடு படலத்தின் கனம்தான் நிறமாகத் தெரிகிறது. சூடு குறைவாக இருந்தாலும் நேரம் நீண்டால் அதே மஞ்சள் வரும். உலையில் 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணி நேரம் வைப்பது சும்மா அல்ல, நடுப்பகுதிவரை சூடு இறங்க வேண்டும். டார்ச்சில் அது நடந்ததா என்று 59 என்ற எண் சொல்லாது.

காலையில் கரண்ட் வந்ததும், "ஆசானே, உலையில் 200-இல் இன்னொரு முறை வைத்துவிடலாமே, கடினத்தன்மை இறங்காது" என்று கேட்டேன். "அப்படியானால் நேற்று நான் செய்தது வேலை இல்லையா?" என்றார். வெளியே வண்டி நின்றது. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் 200 என்று உண்மையாகவே எழுதியிருக்கலாம். ஆனால் நாற்பது வயது மூத்தவரை எல்லோர் முன்னாலும் எப்படி வற்புறுத்துவது? எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் எழுதியதுதான் உறுத்துகிறது. சொல்லியிருந்தால் எழுத விட்டிருக்க மாட்டார் என்பதும் உண்மை.

முதலாளி இன்னும் ஜெனரேட்டர் வாங்கவில்லை. இப்போதெல்லாம் கரண்ட் போனால் ஆசான் டார்ச்சைத் தொடுவதில்லை. "என்ன செய்யட்டும், சார்?" என்று என்னைக் கேட்கிறார். அதற்கு முன் அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை.