ரங்கூன்ல சண்டை முடிஞ்சது மே மாசத்துலயே

ரெண்டாம் உலகப்போர் எப்படி முடிஞ்சுதுன்னு யாரக் கேட்டாலும் ஹிரோஷிமா, நாகசாகி, ஆகஸ்ட் 15னு மூச்சு விடாம சொல்லிடுவாங்க. ஆனா இங்க யாங்கோன்ல, அதான் அந்தக் கால ரங்கூன்ல, பழைய தமிழ்க் குடும்பத்துப் பெருசுங்க பேசுறத கேட்டா தேதிக்கணக்கே வேற, அவங்களுக்கு இருக்கிறது "சப்பான்காரன் ஓடுன வருசம்" மட்டும்தான், அணுகுண்டெல்லாம் பின்னாடி பேப்பர்ல படிச்ச சமாச்சாரம்.

சப்பான்காரன் எப்படி ஓடுனான்ங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1942ல வெள்ளக்காரன் பர்மாவ விட்டு ஓடுனப்ப நம்ம ஆளுங்க லட்சக்கணக்குல அசாம், அரக்கான் வழியா நடந்தே போனாங்க, வழியில செத்தவங்களுக்கு சரியான கணக்கே இல்ல. அதே நாட்டுக்குள்ள மூணு வருசம் கழிச்சு பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மோட 14வது ஆர்மி எறங்கி வருது. பேருதான் பிரிட்டிஷ் ஆர்மி, உள்ள பாத்தா பெரும்பாலும் இந்திய சிப்பாய்ங்க, அப்புறம் கூர்க்கா, ஆப்பிரிக்கா பட்டாளம்.

ஸ்லிம் செஞ்ச வேலை இருக்கே, சும்மா சொல்லக்கூடாது. சப்பான் ஜெனரல் கிமுரா ஐராவதிக்கு வடக்க நின்னு சண்ட போடுவாருன்னு நெனச்சா அவரு படையோட ஆத்தைத் தாண்டி பின்னாடி போயிட்டாரு. ஸ்லிம் உடனே பிளானையே மாத்திட்டாரு. ஒரு கோர் (பல டிவிஷன் சேர்ந்த பெரிய படை) மாண்டலே பக்கம் ஆத்தைத் தாண்டி சத்தம் போட்டு சண்ட போடுது, இன்னொரு கோர் சத்தமில்லாம கங்காவ் பள்ளத்தாக்கு வழியா தெக்க எறங்கி 1945 பிப்ரவரில பகான் பக்கத்துல ஞாங்ஊல ஆத்தைத் தாண்டுது. இவங்க இன்னும் வடக்கதான் இருக்காங்கன்னு காட்ட அங்க ஒரு பொய் ஹெட்குவார்ட்டர்ஸ் வச்சு வயர்லெஸ்ல பேசிக்கிட்டே இருந்தாங்களாம்! மார்ச் மொதல் வாரத்துல டேங்கோட போயி மாண்டலேக்குத் தெக்க இருக்கிற மெய்க்திலாவ புடிச்சாச்சு. சப்பான்காரனோட குடோன், விமான தளம், ரங்கூன் ரயில், ரோடு எல்லாம் அங்கதான், அது போச்சுன்னா மாண்டலேல நிக்கிறவனுக்கு தோட்டாவும் கெடையாது சோறும் கெடையாது. மார்ச் 20ல மாண்டலே கோட்டையும் விழுந்துச்சு. ஒரு வாரத்துல, 27ஆம் தேதி, அதுவரைக்கும் சப்பான் பக்கம் இருந்த பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சானோட பட்டாளமும் அவங்க மேலயே திரும்பிடுச்சு.

அதுக்கப்புறம் மழையோட போட்டி. இவ்வளவு பெரிய படைக்கு அரிசியும் பெட்ரோலும் பாதிக்கு மேல டகோட்டா பிளேன்லதான் வருது, மே மாசம் மழை புடிச்சுட்டா ரோடு சேறாயிடும், ஏர்ஸ்ட்ரிப்பும் போயிடும், அதுக்குள்ள ரங்கூன் துறைமுகம் கைக்கு வரணும். இங்க மழைய பாத்தவங்களுக்கு இத விளக்க வேண்டாம். ரங்கூனுக்குப் பக்கத்துல இருக்கிற பெகு ஊர் வரைக்கும் வந்தாங்க, மழை முன்னாடியே கொட்ட ஆரம்பிச்சிடுச்சு, கடைசில ரங்கூனுக்குள்ள கால் வச்சது கடல் வழியா வந்த படைதான்.

ஆனா அவங்க வந்தப்ப ஊர்ல சப்பான்காரனே இல்ல! ஏப்ரல் கடைசிலயே காலி பண்ணிட்டு போயிட்டான். நேதாஜியும் 24ஆம் தேதி கெளம்பிட்டாரு. ஊர் கொள்ளை போகாம பாத்துக்க ஐஎன்ஏ (அவரோட இந்திய தேசிய ராணுவம்) ஆளுங்க கிட்டத்தட்ட 6,000 பேர விட்டுட்டு போனாரு, அவங்களுக்குத் தலைவர் யாருன்னா ஆற்காடு துரைசாமி லோகநாதன், ஒரு தமிழ் டாக்டர். ராஜா இல்லாத அந்தக் கொஞ்ச நாள் ரங்கூனுக்கு காவல் நம்மாளுதான், இத எத்தன பேரு சொல்றாங்க சொல்லுங்க? சப்பான்காரன் ரங்கூன் ஜெயில்ல அடைச்சு வச்சிருந்த பிரிட்டிஷ் பக்கத்து கைதி சிப்பாய்ங்க கூரை மேல "சப்பான்காரன் போயிட்டான்"னு பெயிண்ட்ல பெருசா எழுதி வச்சும் மேல பறந்தவங்க நம்பல. மே 2ல சாண்டர்ஸ்ங்கற பிரிட்டிஷ் விமானி மிங்கலடோன் விமான தளத்துல துணிஞ்சு எறங்கிட்டாரு, குண்டுக்குழில பிளேன் அடிபட்டு திரும்பப் பறக்க முடியல, ஜெயிலுக்குப் போயி பாத்துட்டு சம்பான் படகு புடிச்சு ஆத்துவழியா போயி கப்பல்காரங்களுக்கு சேதி சொன்னாரு. 3ஆம் தேதி 26வது இந்திய டிவிஷன் உள்ள வந்துச்சு. லோகநாதன் ஆளுங்க சரணடைஞ்சாங்க. புடிச்சவன், புடிபட்டவன் ரெண்டு பக்கமும் இந்தியன்தான்.

எங்க தாத்தா சொல்றது முழுக்க காசப் பத்திதான். சப்பான் நோட்டு ஒரே நாள்ல வெறும் காகிதம், வெள்ளக்காரன் அது செல்லாதுன்னுட்டான், அத வாங்கி வாங்கி பொட்டில அடுக்கி வச்சிருந்த சின்ன வியாபாரிங்க பாடு கந்தல். அந்த நோட்டு தெருவுல குப்பையா கெடக்குற போட்டோ இன்னிக்கும் இன்டர்நெட்ல கெடைக்கும், தேடிப் பாருங்க.

அப்பவும் சண்ட நின்னுடல. சித்தாங் ஆத்துப் பக்கம் மாட்டிக்கிட்ட சப்பான்காரங்க ஜூலைல தப்பிச்சுப் போகப் பாத்து ஆயிரக்கணக்குல செத்தாங்க, அதுக்கப்புறம்தான் ஆகஸ்ட் 15. ஆகஸ்ட் கடைசில ஜப்பான் அதிகாரிங்க ரங்கூனுக்கே வந்து முதல் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க.

நேரம் இருந்தா யாங்கோனுக்கு வெளிய இருக்கிற தவுக்யான் போர்க் கல்லறைக்குப் போய்ட்டு வாங்க. கல்லறை கூட இல்லாதவங்க பேரு மட்டும் கிட்டத்தட்ட 27,000 தூண்ல வெட்டியிருக்கு. மெட்ராஸ் ரெஜிமெண்ட் பேர தேடிப் படிங்க, ஊர்ப்பேரு மாதிரி பழக்கமான பேரா வரும். லோகநாதனோட நின்ன ஆளுங்க பேரு அந்தத் தூண்ல இருக்காது, அது ஜெயிச்ச பக்கத்துக்குக் கட்டுனது.