உள்ளே வருவதென்றால் உயர்த்தி வாருங்கள்

காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை என வேலூர் வட்டாரத்தில் நான் அறிந்த சீட்டாட்டக்காரர்களில் பெரும்பாலோர் ரம்மியில் கை பழகிய பிறகே போக்கருக்கு வந்தவர்கள். ரம்மியில் முதல் சீட்டை எடுப்பதற்கு முன்பே டிராப் செய்தாலும் வழக்கமாக 20 புள்ளி ஏறிவிடும் என்பதால், வந்த சீட்டை வைத்துக்கொண்டு எப்படியாவது ஆடிப் பார்க்கும் குணம் நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. போக்கரில் நாங்கள் ஆடும் வகையான நோ லிமிட் ஹோல்டெமில் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு) நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு கையிலும் இருவர் மட்டும், முறைவைத்து, சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயத் தொகை கட்டுவார்கள். அதுதான் பிளைண்ட். பிளைண்ட் கட்ட வேண்டிய முறை வராதவர் சீட்டை மடக்கிப் போட்டால் அவருக்கு ஒரு சிப் கூட நட்டமில்லை. இதை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதவரை ஃபிளாப்புக்கு, அதாவது நடுவில் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் திறப்பதற்கு, முந்தைய ஆட்டம் யாருக்கும் கைவராது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையில் பணம் கிடையாது, புளியங்கொட்டைதான் சிப். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோதும் எங்கள் ஆட்டம் மாறாமல் தொடர்ந்ததற்கு அதுவே காரணம். கணக்கு மட்டும் எங்கும் ஒன்றுதான்.

அந்த மேசையில் அடிக்கடி நடப்பது இது. சிறிய பிளைண்ட் 1, பெரியதான பிக் பிளைண்ட் 2 என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒருவர் 2 மட்டும் கட்டி உள்ளே வருகிறார், அடுத்தவரும் அப்படியே வருகிறார், இறுதியில் ஐந்து பேர் ஃபிளாப் பார்க்கிறார்கள். இப்படி உயர்த்தாமல் நுழைவதை லிம்ப் என்பார்கள். இதில் இரண்டு கேடுகள் உள்ளன. ஒன்று, அனைவரும் மடங்கி, அங்கேயே பாட்டை (எல்லோரும் கட்டி நடுவில் சேர்ந்த தொகையை) வெல்லும் வாய்ப்பு அறவே போய்விடுகிறது. மற்றொன்று, நல்ல சீட்டு வந்தபோதும் பாட் சிறுத்தே கிடக்கிறது. ஒரு ஜோடி ஏஸ் கிடைப்பது சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறை. ஏதோ இரு சீட்டு வைத்திருக்கும் ஒரே எதிராளிக்கு எதிராக அது நூற்றுக்கு 85 முறை வெல்லும். அத்தகைய நால்வருக்கு எதிராக ஏறக்குறைய 56 முறைதான். ஐவரில் ஒருவராக 56 முறை வெல்வதும் லாபமே என்று ஒரு நண்பர் வாதிடுவார், அது சரியும்கூட. ஆனால் அவர் வெல்வது 10 கொட்டை உள்ள பாட்டில் அந்தப் பங்கை மட்டுமே. 6 என உயர்த்தி, இருவர் அதே தொகையைக் கட்டித் தொடர்ந்திருந்தால் பாட்டில் 18க்குக் குறையாது, எதிராளிகளும் இருவராகக் குறைந்திருப்பார்கள்.

எனவே முதலில் நுழைபவர் பிக் பிளைண்டைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு கட்டுவதே முறை. ஏற்கெனவே லிம்ப் செய்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிக் பிளைண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூவர் நுழைந்திருந்தால் 6 போதாது, 12 வேண்டும். கையில் உள்ள சீட்டின் தரத்துக்கேற்பத் தொகையை மாற்றுவது தவறு. ராஜா ஜோடிக்கு 10, ஜாக்கி-பத்துக்கு 5 என்று கட்டுபவரின் சீட்டை, மேசையில் இருப்பவர்கள் ஒரு மணி நேரத்திலேயே படித்துவிடுவார்கள்.

எந்தச் சீட்டோடு உயர்த்துவது என்பதை இருக்கை தீர்மானிக்கிறது. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேச (கட்டுவதா மடக்குவதா என்று சொல்ல) வேண்டியவர் பத்தில் ஒரு பங்கு கைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பட்டனில் (டீலர் இருக்கையில்) இருப்பவர், அதுவரை அனைவரும் மடங்கியிருந்தால், பத்தில் நான்கு பங்கு வரை துணியலாம், ஏனெனில் ஃபிளாப் தொடங்கி கடைசிப் பொதுச் சீட்டான ரிவர் வரை அவரே கடைசியாகப் பேசுவார். அவர் 5 கட்டிப் பிளைண்டுகளின் 3ஐக் குறிவைக்கும்போது, எட்டில் ஐந்து முறை இருவரும் மடங்கினாலே முதல் காப்பாற்றப்பட்டுவிடும். தொடர்ந்தாலும் அவரிடம் சீட்டும் இருக்கையின் பலமும் மிச்சம் இருக்கின்றன.

ஒருவர் உயர்த்திய பிறகு மீண்டும் உயர்த்துவதற்கு ஏஸ்-ராஜா மிகச் சிறந்த கை. நம்மிடம் ஒரு ஏஸும் ஒரு ராஜாவும் இருப்பதால், எதிராளிக்கு ஏஸ் ஜோடி அமையும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறைகின்றன. ராஜா ஜோடிக்கும் அப்படியே. நாம் அவருக்குப் பின் பேசுபவராக இருந்தால் அவர் கட்டியதைப் போல மூன்று மடங்கும், முன் பேசுபவராக இருந்தால் நான்கு மடங்கும் கட்டலாம். மாறாக ஏஸ்-ஒன்பதைப் பார்த்ததும் மனம் நெகிழ்ந்து தொடர்வது எங்கள் பக்கத்தில் பெரும் வியாதி. ஏஸ்-ராஜாவுக்கு எதிரே அது வெல்வது ஏறக்குறைய நான்கில் ஒரு முறைதான்.

பிக் பிளைண்டில் இருப்பவருக்கு மட்டும் விதி சற்றுத் தளரும். ஒருவர் 6 கட்டி மற்றவர்கள் மடங்கினால், பாட்டில் 9 இருக்க, அவர் இன்னும் 4 போட்டால் போதும். நூற்றுக்கு 31 முறை வெல்லக்கூடிய கையே அதற்குக் கணக்கில் நேராகிவிடும். சிறு ஜோடிகளுக்கு வேறு கணக்கு. ஃபிளாப்பில் அது அதே எண்ணுள்ள மூன்றாவது சீட்டைச் சந்திப்பது நூற்றுக்கு 12 முறைதான் என்பதால், கட்ட வேண்டிய தொகையைப் போலப் பதினைந்து மடங்காவது இருவர் முன்னாலும் குவிந்திருக்க வேண்டும். எதிராளியிடம் 40 கொட்டையே மீதமிருக்கும்போது 6 கட்டி 4-4 ஜோடியோடு ஃபிளாப் பார்ப்பதில் பயனில்லை. மடக்கிவிட்டு அடுத்த கைக்குக் காத்திருக்கலாம்.