சனிக்கிழமையும் பத்து கஜமும்

2023 ஆகஸ்ட்டில் மதுரையிலிருந்து ஆன் ஆர்பருக்கு வந்தோம். மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். கணவருக்குக் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. மகளுக்கு ஒன்பது வயது. எனக்கு வேலை பார்க்க அனுமதி வரவில்லை. இருவரும் காலையில் கிளம்பிப் போனால் மாலை வரைக்கும் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும்தான்.

செப்டம்பர் 2, சனிக்கிழமை. அரிசியும் உளுந்தும் வாங்கிவரலாம் என்று பதினோரு மணிக்குக் காரை எடுத்தோம். மெயின் ஸ்ட்ரீட் பக்கம் திரும்பியதும் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். சாலை முழுக்க ஜனம். கைக்குழந்தை முதல் கோல் ஊன்றி நடக்கும் தாத்தா வரை எல்லோர் உடம்பிலும் மஞ்சளும் நீலமும். வீட்டுக்காரர்கள் அட்டையில் தொகை எழுதிப் பிடித்துக்கொண்டு தங்கள் புல்வெளியில் கார் நிறுத்த இடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்துக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூட வளாகத்தில் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்குக் கோரிப்பாளையத்தில் வண்டியோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். மூன்று வாரமாக அந்நியமாகத் தெரிந்த ஊர், அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. திருவிழா நடத்தத் தெரிந்த ஊர் இது.

என்ன திருவிழா என்று அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். எழுபது வயதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற நர்ஸ். (அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு இரண்டு மாதம் ஆனது. இங்கே 'ஆன்ட்டி' என்று யாரும் கூப்பிடுவதில்லை.) மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்கு அன்று முதல் ஆட்டம். ஈஸ்ட் கரோலினாவை 30-3 என்று ஜெயித்திருந்தார்கள். ஃபுட்பால் என்றால் நாம் சொல்லும் கால்பந்து இல்லை; முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ஆடுகிறவர்கள் எல்லாம் கல்லூரி மாணவர்கள். அந்த மாணவர்களைப் பார்க்கத்தான் ஒரு லட்சம் பேர். 1927-இல் திறந்த அந்த மைதானத்தில் 1,07,601 இருக்கைகள். ஊரின் மக்கள்தொகையே ஒன்றே கால் லட்சத்தை ஒட்டித்தான் வரும்.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சில்லறைக் காசுகளை வரிசையாக வைத்து எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. அப்புறம் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னும் ஒன்று. தூரத்திலிருந்து உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலுக்கு மூன்று. இவ்வளவு தெரிந்தால் முதல் நாளுக்குப் போதும் என்றார்.

அன்றிரவு மதுரைக்குப் போன் போட்டு அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். இளவயதில் கிராமத்துக் கபடிக் குழுவில் ஆடியவர்.

"பத்து கஜமா? புடவை அளவுல்லம்மா அது" என்றார். அடுத்த கேள்வி: "ஒருத்தன் பந்தோட ஓடுறான், மத்தவன் எல்லாம் மடக்குறான். அப்ப அவனுக்கு வழி பண்ணிக் கொடுக்கிறது யாரு?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கேட்டு வந்து சொன்னேன். முன்வரிசையில் ஐந்து கனத்த ஆட்கள் நிற்பார்கள். பந்தை அவர்கள் தொடுவதே அபூர்வம். எதிராளியை முட்டித் தள்ளி வழி திறப்பதுதான் வேலை. "அவங்களைப் பாரும்மா, பந்தைப் பார்க்காதே" என்றார் அப்பா. நான் பார்த்த அத்தனை ஆட்டத்தையும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் பார்த்தேன்.

முதல் மூன்று ஆட்டங்களுக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா வரவில்லை. கோவிட் காலத்தில் மாணவர்களை அணியில் சேர்ப்பதற்கான விதிகளை மீறியது பற்றிய விசாரணைக்காகப் பல்கலைக்கழகமே அவரை நிறுத்தி வைத்திருந்தது. அணி அசரவில்லை. செப்டம்பர் முழுக்க ஜெயித்தது. நெப்ராஸ்காவில் 45-7, அக்டோபரில் மின்னசோட்டாவில் 52-10. நானும் சனிக்கிழமைக்கு ஏற்றபடி வாழப் பழகினேன். ஊரில் ஆட்டம் என்றால் மளிகை வெள்ளிக்கிழமையே. தெருவில் எதிரே வருகிறவரிடம் என்ன பேசுவது என்று திணறிக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு வார்த்தை கிடைத்தது, அணியின் முழக்கம்: 'கோ ப்ளூ!' சொன்னால் பதிலுக்கும் அதையேதான் சொல்வார்கள். பேருந்து ஓட்டுநர், தபால்காரர், மகளின் வகுப்பு ஆசிரியை, எல்லோரிடமும் செல்லுபடியாகும். ஆங்கிலம் தெரிந்தும் வாய் திறக்கக் கூசிய எனக்கு அதுதான் முதல் படி.

அக்டோபர் 21, நவராத்திரி சனிக்கிழமை. மூன்று படி வைத்து, ஊரிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த பதினொரு பொம்மைகளை அடுக்கியிருந்தேன். மாம்பழ மஞ்சளில் நீலக் கரை போட்ட சுங்குடிச் சேலை கட்டியிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து 'கோ ப்ளூ!' என்றார். அன்றிரவு அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட்டோடு ஆட்டம். இருபது வருடமாக இந்தப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு மாமா சுண்டல் கிண்ணத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஒருபுறம் லலிதா சகஸ்ரநாமம், மறுபுறம் ஸ்கோர். 49-0.

ஆனால் அந்த வாரம்தான் வேறொரு செய்தியும் வந்திருந்தது. அடுத்து என்ன ஆடுவது என்று எதிரணிகள் ஓரத்தில் நின்று தங்கள் வீரர்களுக்குக் காட்டும் சைகைகளைப் படமெடுக்க, அவர்கள் ஆடும் மைதானங்களுக்கே மிச்சிகன் ஊழியர் ஒருவர் ஆட்களை அனுப்பினார் என்று குற்றச்சாட்டு. சைகையை ஆட்டத்தின்போது ஊகிக்கலாம். முன்கூட்டி ஆள் அனுப்பி உளவு பார்க்கக் கூடாது என்பது விதி. இந்த ஊரில் பலர் இதைப் பொறாமைக்காரர்களின் வேலை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தப்பு தப்புதான். 2025-இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. பெரிய அபராதம் விதித்தது, வெற்றிகளைப் பறிக்கவில்லை. நேசிக்கிற அணி என்பதற்காக இதை விட்டுவிட்டு அந்தப் பருவத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 4, பர்டியூவோடு இரவு ஆட்டம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி. அவருடைய இரண்டு டிக்கெட்டையும் எனக்கும் மகளுக்கும் கொடுத்தார். கைப்பை கொண்டுபோகக் கூடாது என்று முன்னதாகவே சொல்லி அனுப்பினார். மைதானத்தின் பெரும்பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரியதாகத் தெரியாது. வாசலைத் தாண்டி இரண்டடி வைத்ததும் காலுக்குக் கீழே பெரிய கிண்ணம் போல, அடி வரைக்கும் மனிதத் தலைகளாக இறங்கிக்கொண்டே போகிறது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அலுமினிய பெஞ்சில் எண் எழுதியிருக்கும் இடம் ஒரு ஆளுக்கு மிகக் கொஞ்சம்தான். குளிர்காலச் சட்டைகளோடு தோளும் தோளும் உரச உட்கார்ந்ததில் குளிர் தெரியவில்லை. வீரர்கள் ஓடிவந்து குதித்து நீலப் பதாகையைத் தொட்டார்கள். 1898-இல் ஒரு மாணவர் எழுதிய வெற்றிப் பாட்டைப் பேண்டு வாசித்தது. லட்சம் முஷ்டிகள் ஒன்றாக உயர்ந்தன. பக்கத்தில் இருந்த முதியவர் எந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும் என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 41-13. வீடு திரும்பியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. அன்றிரவுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். மதுரைக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணி நேரமாக இருந்த தூரம் பத்தரை ஆனது.

மறு சனிக்கிழமை, தீபாவளிக்கு முந்தைய நாள். அந்தச் சைகை விவகாரத்துக்காகப் பயிற்சியாளரை மூன்று ஆட்டங்களுக்கு விலக்கி வைப்பதாக, மிச்சிகன் ஆடும் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பான பிக் டென் முந்தின நாள்தான் அறிவித்திருந்தது. பென் ஸ்டேட் மைதானத்தில் அவருக்குப் பதிலாக உதவிப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் நின்றார். நான் முறுக்குப் பிழிந்துகொண்டே பார்த்தேன். இரண்டாம் பாதியில் பந்தை எறிந்ததாகக் கணக்கே இல்லை. ஓட்டம், ஓட்டம், மறுபடி ஓட்டம். கடைசி 32 வாய்ப்பும் ஓட்டமாகவே கணக்கில் ஏறியிருக்கிறது. பார்க்கிறவருக்குச் சலிக்கும் என்பார்கள், எனக்குச் சலிக்கவில்லை. அந்த ஐந்து பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளிக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை. 24-15. முடிந்ததும் மூர் கேமரா முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். ஒரு சட்டி முறுக்கு எண்ணெயில் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் மேரிலாந்தில் அணியின் ஆயிரமாவது வெற்றி. கல்லூரி ஃபுட்பாலில் வேறு எந்த அணியும் அதற்குமுன் அந்த எண்ணைத் தொட்டதில்லை. ஆனால் ஊரில் அதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் நவம்பர் 25 மேல்தான் கண்.

பக்கத்து மாநிலத்து எதிரி அணியான ஒஹாயோ ஸ்டேட். அந்தப் பெயரைப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. 'தெற்கே இருப்பவர்கள்' என்பார். 1835-இல் டொலீடோ நகரம் யாருக்கு என்று இரண்டு பக்கமும் படை திரட்டிக்கொண்டு நின்ற எல்லைத் தகராறு வரைக்கும் அவர் நினைவில் வைத்திருந்தார். இரண்டு அணியும் அந்தப் பருவத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. அவர் வீட்டிலேயே பார்த்தோம். நான் எலுமிச்சை சாதமும் அப்பளமும் கொண்டு போயிருந்தேன். மதுரையில் இரவு பத்தரை; அப்பா போனில்.

மூன்றாம் கால் பகுதியில் சாக் ஸின்டரின் கால் முறிந்தது. அணித் தலைவர்களில் ஒருவர், அந்த முன்வரிசை ஐவரில் ஒருவர். அவ்வளவு பெரிய கூட்டத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. சக வீரர்கள் சுற்றிலும் மண்டியிட்டார்கள். நர்ஸாக இருந்தவர், டிவியில் ஒரு முறை பார்த்ததுமே முகத்தை மூடிக்கொண்டார். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாய்ப்பிலேயே, பந்தோடு ஓடும் பிளேக் கோரம் 22 கஜம் ஓடி டச்டவுன் போட்டார். போட்டுவிட்டு விரல்களால் ஆறும் ஐந்தும் காட்டினார். ஸின்டரின் சட்டை எண் 65.

போனில் அப்பாவிடம் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. "வழி விட்டவன் பேரைச் சொல்லிட்டான்" என்றார் அப்பா. கோரம் அந்தப் பருவத்தில் 27 முறை ஓடியே டச்டவுன் போட்டார். அது அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனை. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முன்னால் பக்கத்து ஊரான இப்சிலாந்தியில் வீடுகளுக்கு வான்கோழி கொடுத்த பிள்ளையும் அவர்தான். எனக்கு அந்த விரல்கள்தான் நினைவில் நிற்கின்றன. அரை நிமிடம்கூட இல்லாதபோது மிச்சிகன் வீரர் ராட் மூர் எதிரணி எறிந்த பந்தைப் பிடித்துவிட, 30-24.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இண்டியானபோலிஸில் அயோவாவை 26-0. புத்தாண்டு அன்று பாசடீனாவில் ரோஸ் பவுல் என்னும் அரையிறுதி, எதிரே அலபாமா. முடிய ஒன்றரை நிமிடம் இருக்கும்போதுதான் 20-20 என்று சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் கோரம் ஒன்று போட, அலபாமாவின் கடைசி ஓட்டத்தைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஜனவரி 8, ஹூஸ்டனில் இறுதி ஆட்டம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13. பதினைந்து ஆட்டம், பதினைந்தும் வெற்றி. 1997-க்குப் பிறகு முதல் தேசியப் பட்டம். மதுரையில் செவ்வாய்க்கிழமை விடிகாலை. போனை டிவி பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பா காபி ஆறிப்போகப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மகள் ஜன்னலைத் திறந்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா செருப்பும் போடாமல் பனியில் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். பொங்கலுக்கு அவருக்கும் ஒரு கிண்ணம் போனது.

அந்த மாத முடிவுக்குள் ஹார்பா வேறு அணிக்குப் போய்விட்டார். பல வீரர்களும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். கல்லூரி அணி என்றால் அப்படித்தான், படிப்பை முடித்த பிள்ளைகள் ஊரை விட்டுப் போவதுபோல.

2024 ஜூனில் அப்பா வந்தார். கோடையில் ஆட்டம் கிடையாது. இருந்தாலும் மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு மாலை நடத்தியே கூட்டிக்கொண்டு போனேன். மெயின் ஸ்ட்ரீட் வெறிச்சோடிக் கிடந்தது. அப்பா செங்கல் சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு நடைபாதையில் ஒரு கோட்டில் நின்று, வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, எட்டு வைத்து எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டு எட்டில் நின்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதாம்மா பத்து கஜம். இதுக்கா நாலு தடவை?"

"எதிர்ல பதினோரு பேர் நிக்கிறாங்கப்பா."

அப்பா மறுபடி அந்தப் பன்னிரண்டு எட்டையும் பார்த்தார். "அது சரி" என்றார். அப்புறம் என் மகளைக் கூப்பிட்டு எதிரே நிற்கச் சொல்லி, இன்னொரு தடவை நடந்தார்.