ஆடி முழுக்க ஒரு கோதடி

ஆடி மாதத்தை நான் வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகை வராது, கிரகப்பிரவேசத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். மும்பையில் அப்போது மழையும் நடு உச்சத்தில் இருக்கும், வெளியே போகவும் தோன்றாது. ஜூலை 17 அன்று காலை, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நான்கு வேலைகளை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அம்மாவின் சுங்குடிப் புடவைகளில் ஒரு கோதடி. மிஞ்சும் துண்டுகளில் அடுப்படிக்கு ஆறு பிடிதுணி. நவராத்திரிக்கு நான்கு குஷன் உறை. கடைசியாக, பீரோவின் மேல்தட்டைக் காலி செய்வது.

இன்று ஆவணி ஒன்று. கோதடி முடிந்துவிட்டது. பிடிதுணியில் மூன்றுதான் ஆயிற்று. குஷன் உறைக்குத் துணிகூட வெட்டவில்லை. மேல்தட்டு காலி.

கோதடி என்றால் என்ன என்று ஊரிலிருந்து என் தங்கை கேட்டாள். பழைய பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, பஞ்சு எதுவும் வைக்காமல், கையால் ஓட்டுத் தையல் போட்டுச் சேர்க்கும் போர்வை அது. மராட்டிய வீடுகளில் பாட்டிமார் தைப்பது. அந்தத் தையலுக்கு இங்கே தாவ்தோரா என்று பெயர், ஓடும் நூல். வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி என்று இதன் சொந்தக்காரர்கள் எங்கும் இருக்கிறார்கள். நம் பக்கம் பழைய புடவையை நாலாக மடித்துப் பிள்ளையைப் படுக்க வைப்போம், தூளி கட்டுவோம். தைத்து வைக்கும் பழக்கம் எங்கள் திருநெல்வேலி வீட்டில் இல்லை. செம்பூருக்கு வந்த பிறகுதான், எங்கள் மாடியில் எதிர்வீட்டு ஆஜியிடம் (மராட்டியில் பாட்டி) பார்த்தேன். அவருக்குச் சாத்தாரா பக்கம். வயது எழுபத்தெட்டு. இன்னும் கண்ணாடி இல்லாமல் ஊசி கோர்க்கிறார்.

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அவள் உடுத்திய சுங்குடிப் புடவைகளில் மூன்று என்னிடம் வந்தன. சந்தன நிறம், பச்சைக் கரை ஒன்று. அடர் நீலம் ஒன்று. அரக்குச் சிவப்பு ஒன்று. மூன்றும் மதுரையில் வாங்கியவை, நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அசல் புள்ளிகள். இப்போது மெழுகில் அச்சடித்த புள்ளிகளே அதிகம் வருவதால், அந்த மேடுபள்ளமான புள்ளியைத் தடவிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். பழைய துணிக்குப் பாத்திரம் தரும் பாண்டிவாலி ஜூன் மாதம் வாசலில் வந்து நின்றபோது, பழைய பேண்ட், சட்டையோடு இந்த மூன்றையும் பார்த்துவிட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கூடுதலாக வைத்தாள். மூன்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அன்றுதான் இவற்றை என்னவாவது செய்தாக வேண்டும் என்று முடிவு செய்தது.

மகளுக்குப் புனேயில் பொறியியல் இடம் கிடைக்கும்போல் இருந்தது. அங்கே மார்கழி, தையில் இரவுக் குளிர் பத்து டிகிரி பக்கம் இறங்கும். ஆகவே போர்வை அவளுக்கு என்று ஆனது.

ஆரம்பமே பிசகியது. ஆடி இரண்டாம் நாள் மூன்று புடவைகளையும் ஒரே வாளியில் வெந்நீர், சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தேன். இருபது வருடம் துவைத்த புடவை, இனி என்ன சாயம் போகப்போகிறது என்று நினைத்தேன். அம்மா அரக்குப் புடவையை எப்போதும் தனியாகத்தான் அலசுவாள், அது எனக்குத் தெரியும். இருந்தும் போட்டேன். எடுத்துப் பார்த்தால் சந்தனப் புடவையில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று இடத்தில் ரோஸ் படர்ந்திருந்தது. அன்று மதியம் சாப்பிடவில்லை. புடவை என்பதற்காக இல்லை, அந்த நிறத்தில்தான் அம்மா என் நினைவில் இருக்கிறாள்.

சாயம் ஏறிய துணியைக் காயவிடக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. காய்ந்தால் கறை நிலைத்துவிடும். ஈரத்தோடேயே தனி வாளியில் புதுத் தண்ணீர், சோப்பு என்று மூன்று முறை மாற்றினேன். முக்கால்வாசி போயிற்று, மிச்சம் நின்றுவிட்டது. இதைச் செய்யப் போகிறவர்கள் முதலில் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தப் புடவையைத் தனியாகத் துவையுங்கள். இரண்டு நிமிட வேலை.

மழை நாளில் மூன்று புடவை காய்வதற்கு நான்கு நாள் ஆயிற்று. ஹாலில் கொடி கட்டி, மின்விசிறியை ஓடவிட்டு, கடைசியில் இஸ்திரி போட்டு ஈரத்தை எடுத்தேன். அத்தை தன் கட்டிலுக்கு மேலே புடவை தொங்குவதைப் பார்த்து, "சம்பந்தியம்மா வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்கு" என்றார். முழங்கால் வலியில் அத்தை அதிகம் பேசாத நாட்கள் அவை.

அடுத்தது அளவு. இதைத் தாளில் போட்டுப் பார்த்தது பெரிய உதவி. ஐந்தரை மீட்டர் புடவை என்பது 216 அங்குலம். விடுதிக் கட்டிலுக்கு 82 அங்குல நீளம் போதும் என்று வைத்தால், ஒரு புடவையில் இரண்டு அடுக்கு வரும், ஐம்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சும். அகலம் புடவையின் அகலமே, 45 அங்குலம். மூன்று புடவையில் ஆறு அடுக்கு. வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றிய பகுதியிலும் பாதத்தில் உரசிய கீழ்க்கரையிலும் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு நைந்திருந்தது. முந்தி திடமாக இருந்தது. நைந்தது உள்ளடுக்குக்கு, திடமானது மேலுக்கும் அடிக்கும் என்று பிரித்தேன். மேலே சந்தனம், அடியில் நீலம், அரக்கு முழுவதும் உள்ளே.

ஆறு அடுக்கையும் அடுக்கிய பிறகு ஆஜியைக் கூப்பிட்டேன். இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துவிடச் சொன்னார். நான் தயங்கினேன். ஊசியை என் கையில் கொடுத்து ஒரே குத்தில் நாலு தையல் எடுக்கச் சொன்னார். ஆறு அடுக்கில் ஊசி வளைந்தது. ஐந்தில் போனது. சரி என்று ஒன்றை எடுத்தேன்.

தரையில் டீப்பாயை நகர்த்திவிட்டு, ஐந்தையும் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களில் தோசைக்கல், இடிகல் என்று கனமானதை எல்லாம் வைத்து, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு வரிசையாகக் கச்சா தையல், அடுக்குகள் நகராமல் இருக்கத் தற்காலிகமாகப் போடுவது, போட்டேன். இதற்கு மட்டும் முழு ஞாயிற்றுக்கிழமை. முதுகு விண்விண் என்றது. ஆனால் இந்த ஒரு நாளைச் சுருக்கினால் பின்னால் பத்து நாள் அழ வேண்டும் என்று ஆஜி சொன்னார்.

ஜூலை 24 அன்றுதான் உண்மையான முதல் தையல். கோதடியில் வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போவார்கள். நான் அரை அங்குல இடைவெளியில், நெருக்கமாக ஆரம்பித்தேன். தடித்த பருத்தி நூல், ஒரு முழங்கைக்கு மேல் நீளம் கூடாது, மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்காது. நடுவிரலுக்கு அங்குஸ்தானா. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கிய அந்தச் சின்ன உலோகத் தொப்பி இல்லாமல் முதல் இரண்டு நாள் தைத்ததில் விரல் நுனி புண்ணாகிப் புளி கரைக்க முடியவில்லை.

சமையல் முடிந்து அத்தை மதியம் படுக்கும் நேரம் அரை மணி, இரவு எல்லோரும் சாப்பிட்ட பிறகு அரை மணி. அளந்து பார்த்தால் நாளுக்கு நாலு மீட்டர் ஓடுகிறது. ஐந்து நாளில் மூன்று சுற்று. அப்போதுதான் கணக்குப் போட்டேன். அரை அங்குலத்தில் முழுவதையும் தைக்க 185 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நாலு மீட்டர் வீதம் போனால் ஆவணி கடைசி வாரம் நெருங்கிவிடும், மகளோ ஆகஸ்ட் மூன்றாவது வாரம் கிளம்ப வேண்டும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தைத்ததைப் பிரிக்கவா, போர்வையைச் சின்னதாக்கவா, அவளைப் போர்வை இல்லாமல் அனுப்பிவிட்டுப் பிறகு கொடுப்பதா?

காலையில் ஆஜியிடம் காட்டினேன். அவர் அதை ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஓரம்தானே கிழியும், ஓரம் நெருக்கமாக இருக்கட்டும், உள்ளே விட்டுப் போடு என்றார். நாலாவது சுற்றிலிருந்து ஒரு அங்குல இடைவெளிக்கு மாறினேன். மிச்சம் 85 மீட்டர் சொச்சம்தான். இப்போது பார்த்தால், ஓரத்தில் நெருங்கிய மூன்று சுற்றும் உள்ளே அகன்ற சுற்றும் புடவைக்குக் கரை இருப்பது போலத்தான் இருக்கிறது. மாதம் முழுக்க நான் எடுத்த முடிவுகளில் மனசுக்கு நிறைவானது இதுதான்.

ஆடிப்பெருக்கு அன்று ஊசியைத் தொடவில்லை. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று கலந்த சாதம் செய்து, பாதியை ஆஜி வீட்டுக்குக் கொடுத்தேன். ஆடிக் கிருத்திகைக்குச் சேடா நகர் முருகன் கோயிலில் படி ஏறிவிட்டு வந்தது ஒரு நாள். அத்தையை மருத்துவரிடம் அழைத்துப் போனது இரண்டு நாள். மாறாக, ஒரு நாள் கனமழையில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று, வீட்டுக்காரர் இரவு ஒரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டே இருந்தேன். அன்று மட்டும் எட்டு மீட்டர். பயத்தில் போட்ட தையல் என்பதால் அந்த இரண்டு சுற்று கொஞ்சம் இறுகியிருக்கிறது. தடவினால் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 9 வாக்கில் நடுவில் துணி உப்ப ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து உள்ளே வர வர மேலடுக்கின் தளர்ச்சியெல்லாம் நடுவில் வந்து சேர்ந்துவிடுகிறது. கச்சா தையலில் ஒரு வரிசை அறுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மடித்துத் தைத்து மறைத்துவிடலாமா என்று கேட்டதற்கு ஆஜி, "உஸவூன் டாக்" என்றார், பிரித்துவிடு என்று. மூன்று சுற்றுப் பிரித்தேன். உப்பலைக் கையால் எல்லாப் பக்கமும் பரப்பி, மறுபடி கச்சா போட்டுத் தைத்தேன். "ஹளூ ஹளூ" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார், மெதுவாக, மெதுவாக.

அந்த மூன்று ரோஸ் கறைகளை என்ன செய்வது என்று மாதம் முழுக்க யோசித்தேன். கடைசியில் மிஞ்சிய அரக்குத் துண்டிலேயே மூன்று சதுரம் வெட்டி, ஓரம் மடித்து, கறையின் மேல் வைத்துத் தைத்தேன். கோதடியில் ஒட்டுப் போடுவது குறை இல்லை. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி என்ற இனத்துப் பெண்கள் தைக்கும் காவண்ட் என்ற போர்வையில் நாலு மூலையிலும் பூலா என்று முக்கோணத் துண்டு வைத்தால்தான் போர்வை முழுமை. நானும் மூலைகளுக்கு நீலத்தில் நான்கு முக்கோணம் வைத்தேன். கறை எந்தப் புடவையிலிருந்து வந்ததோ அதே புடவை மேலே உட்கார்ந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆகஸ்ட் 15 விடுமுறை அன்று சாயங்காலம் நடுவில் கடைசி முடிச்சு. மழை நாளில் ஐந்தடுக்கைத் துவைத்தால் காயாது, பூஞ்சை பிடிக்கும். அதனால் துவைக்கவில்லை. மறுநாள் நாற்காலி இரண்டின் மேல் விரித்து, அடியில் சாம்பிராணிப் புகை காட்டினேன். அம்மா எங்களுக்குத் தலைகுளித்த முடியில் காட்டுவது போல.

மகளுக்கு 20ஆம் தேதி கிளம்ப வேண்டும். பெட்டியில் இடமில்லை என்று முதலில் சொன்னவள், போர்த்திப் பார்த்துவிட்டு இரண்டு ஜீன்ஸை எடுத்து வெளியே வைத்தாள். முந்தியிருந்த பக்கத்தைத் தலைப்பக்கமாக வைத்துக்கொள்கிறேன் என்றாள். அது நான் சொல்லாமல் அவளே கண்டுபிடித்தது.

ஆவணிக்கு இரண்டே வேலை எழுதியிருக்கிறேன். மிச்ச மூன்று பிடிதுணி, எடுத்து வைத்த அந்த ஆறாவது அடுக்கில் தங்கை பேத்திக்கு ஒரு சின்னத் தூளித் துணி. குஷன் உறையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், பிள்ளையார் சதுர்த்தியும் வருகிறது. நேற்று இரவு அந்தத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தபோது அத்தை பின்னால் வந்து நின்றார். கையில் ஒரு துணிப் பை.

"மாமா வேட்டி நாலு இருக்கும்மா. எல்லாம் பருத்திதான். கரை மட்டும் கொஞ்சம் நைஞ்சிருக்கு."

வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். இருட்டாக இருந்ததால் காலையில்தான் பார்க்க முடிந்தது. மூன்று நன்றாக இருக்கின்றன. ஒன்று உள்ளடுக்குக்கு ஆகும்.