எதன் மீது?

ஏப்ரல் 7, திங்கள்

தம்பி போனில் மறுபடியும் நியூட்டனின் மூன்றாம் விதியைக் கேட்டான். மாடு வண்டியை இழுக்கிறது. வண்டியும் அதே அளவு விசையோடு மாட்டைப் பின்னால் இழுக்கிறது. அப்படியானால் வண்டி எப்படி நகர்கிறது? இந்தச் சந்தேகம் வராத பிள்ளைக்கு அந்த விதி இன்னும் எட்டவே இல்லை என்பேன். இரண்டு விசைகளும் ஒரே பொருளின் மீது இல்லை, ஆகவே ஒன்றையொன்று அழிக்க முடியாது. வண்டியைப் பற்றிக் கேட்டால் வண்டியின் மீதுள்ளவற்றை மட்டும் எண்ண வேண்டும்: மாட்டின் இழுப்பு, சக்கரத்தில் உராய்வு. முன்னது பெரிதானால் வண்டி கிளம்பும். மாட்டைப் பற்றிக் கேட்டால் அது வேறு படம். குளம்பு தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை குளம்பை முன்னால் தள்ளுகிறது.

எந்த விசையை வரைந்தாலும் பக்கத்திலேயே "எதன் மீது, எதனால்" என்று எழுதச் சொன்னேன். "சரி அக்கா" என்றான். அந்தச் சரியில் தெளிவு இல்லை.

ஏப்ரல் 8

அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அப்பா குளியலறைக்குப் போகும்போது அம்மா சலைன் பாட்டிலைக் கையில் தொங்கவிட்டபடி உடன் போனார். திரும்பி வருவதற்குள் குழாயில் ரத்தம் ஒரு சாண் ஏறிவிட்டது. அம்மா அலறிவிட்டார். சிஸ்டர் ஓடிவந்து பாட்டிலை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். சிவப்பு மெதுவாகக் கீழே இறங்கி, ஊசிக்குள் போய் மறைந்தது.

சாயங்காலம் அதையே கணக்காக்கித் தம்பிக்கு அனுப்பினேன். பாட்டிலில் உள்ள நீர்மட்டம் கையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 1000 × 9.8 × 1 = 9800 பாஸ்கல். பாதரசத்தில் சொன்னால் ஏறக்குறைய 73 மில்லிமீட்டர். சிரையில் உள்ள அழுத்தம் அதில் சிறு பங்குதான். ஆகவே மருந்து உள்ளே போகிறது. பாட்டில் கைக்குக் கீழே இறங்கினால் சிரை ஜெயித்துவிடும். வளிமண்டல அழுத்தம் இரண்டு பக்கமும் இருப்பதால் அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

பாட்டில் பெரிதாக இருந்தால் அழுத்தமும் கூடாதா என்று கேட்கிறான். கூடாது. அரை லிட்டர் பாட்டிலானாலும் நூறு மில்லி பாட்டிலானாலும் உயரம்தான் பேசும். அகலமான பாட்டிலில் தண்ணீரின் எடை அதிகம்தான், ஆனால் அதைத் தாங்கும் பரப்பும் அதே விகிதத்தில் அதிகம். இதைச் சூத்திரமாக அவன் என்றைக்கோ மனப்பாடம் செய்துவிட்டான். மனம்தான் இன்னும் ஒப்பவில்லை.

ஏப்ரல் 10

வெயில். அம்மா இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். அம்மா விடியற்காலையிலேயே கோட்டைக்குள் போய் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

காலையில் எடை பார்த்தார்கள். அப்பா கருவியின் மீது ஏறிப் பக்கத்துக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எண் 51-இல் நின்றது. "ஐயா, கையை எடுங்கள்" என்றார் சிஸ்டர். எடுத்தார். 54. போன மாதம் 61.

இத்தனை நாள் தம்பிக்கு நான் விளக்கத் தேடிக்கொண்டிருந்தது என் கண்ணெதிரே நடந்தது. கம்பியைப் பிடித்தபோதும் பூமி அப்பாவை இழுத்தது அதே அளவுதான். குறைந்தது, கருவி அவர் பாதத்தை மேலே தள்ளிய விசை. அந்தச் செங்குத்து விசையைத்தான் அது எண்ணாகக் காட்டுகிறது. எடைக்கு எதிர்விசை செங்குத்து விசை என்று பாதிப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அது உண்மையானால் இரண்டும் எப்போதும் சமமாக இருந்தாக வேண்டும். கம்பியைத் தொட்டதும் மாறக்கூடாது. எடையின் இணை பூமியின் மீது இருக்கிறது: அப்பா பூமியை மேல்நோக்கி இழுக்கிறார். செங்குத்து விசையின் இணை கருவியின் மீது இருக்கிறது: பாதம் அதை அழுத்துகிறது. இரண்டு இணைகள், நான்கு விசைகள். அப்பாவின் மீது இருப்பவை அவற்றில் இரண்டு மட்டுமே.

ஏழு கிலோ.

ஏப்ரல் 12, சனி

தூக்கம் வரவில்லை. விடுதியின் மொட்டை மாடியில் முழு நிலா, சுற்றிலும் வேலூரின் மொட்டைக் குன்றுகள். விண்வெளி வீரர்கள் மிதப்பது அங்கே ஈர்ப்பு இல்லாததால்தானே என்று தம்பி பகலில் கேட்டிருந்தான். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் 8.7, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இருக்கிறது. வீரரும் கலமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே எடைக்கருவியை வைத்தால் அது தள்ளுவதற்கு எதுவும் இல்லை.

நிலாவும் விழுகிறது. பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தொலைவு. ஆகவே முடுக்கம் 3600-இல் ஒரு பங்கு. ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1.36 மில்லிமீட்டர் பூமியை நோக்கி விழுகிறது; அதே நொடியில் ஒரு கிலோமீட்டர் பக்கவாட்டில் போய்விடுகிறது. நியூட்டன் நிலாவையும் தரையில் விழும் பொருளையும் ஒரே விதியில் கட்டியது இந்தக் கணக்கினால்தான். எத்தனை முறை போட்டாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. அப்பாவுக்குப் பேச்சு தெளிவாக இருந்தது. பாயசம் ஒரு வாய்.

நிறுத்தும் தூரம் நிறையைப் பொறுத்தது இல்லை என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். வேகத்தின் வர்க்கத்தை 2μg-ஆல் வகுத்தால் போதும் (μ உராய்வுக் குணகம், g ஈர்ப்பு முடுக்கம்). நிறை இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப்போகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர், உராய்வுக் குணகம் 0.7 என்றால் 20 மீட்டர். 30 என்றால் 5 மீட்டர்தான். கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா, "யார் சொன்னது? ஆம்பூரிலிருந்து ஆள் நிறைய ஏற்றி வரும் பஸ்ஸும் காலி பஸ்ஸும் ஒரே இடத்தில் நிற்குமா?" என்றார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். அவர் சொல்வதைத் தள்ள முடியாது.

சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் தேய்ந்து நிற்கும் நிலையில்தான் கணக்கு அப்படி வரும். பிரேக் கொடுக்கக்கூடிய விசைக்கே ஓர் எல்லை இருந்தால், அதே விசை அதிக நிறையை நிறுத்த அதிக தூரம் வேண்டும். புத்தகம் சொல்வதும் சரி, அப்பா சொல்வதும் சரி. எந்த விசை முதலில் எல்லையைத் தொடுகிறது என்பதுதான் கேள்வி. இதைச் சொன்னதும் அப்பா என் நோட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சக்கரத்தைச் சுட்டி, "இந்த அம்புக்குறி தரை மேலா, டயர் மேலா?" என்று கேட்டார்.

டயர் மேல் அப்பா.

ஏப்ரல் 16

தம்பி சேர்ந்திருக்கும் பயிற்சி மையத்தில் படமே வரையாமல் விடையைப் பிடிக்கக் குறுக்குவழி சொல்லித் தருகிறார்களாம். கோபம் வருகிறது. மே 4 தேர்வு வரை அது உதவலாம், அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

ஏப்ரல் 17, வியாழன்

ரிப்போர்ட் வந்தது. இரண்டு பக்கம்.

ஏப்ரல் 19, சனி

கப்பிக் கணக்கு. கப்பி மேல் போகும் கயிற்றில் ஒரு பக்கம் 3 கிலோ கல், மறுபக்கம் 2 கிலோ கல். முடுக்கம் 1.96, கயிற்றின் இழுவிசை 23.52 நியூட்டன். எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு ஒரு கேள்வியும் அனுப்பியிருக்கிறான்: கப்பியை எடையற்றது என்று வைத்துக்கொண்டால் மேலே உள்ள கொக்கி தாங்குவது இரண்டு இழுவிசைகள், 47.04. ஆனால் இரண்டு கற்களின் மொத்த எடை 49. மீதி எங்கே போனது அக்கா?

இதை அவனாகவே கேட்டிருக்கிறான். அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

மீதி எங்கும் போகவில்லை என்று எழுதினேன். இரண்டு கற்களையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள். அதன் நிறைமையம் கீழ்நோக்கி முடுக்கமடைகிறது. அதற்கு ஒரு நிகர விசை வேண்டும். 49-இலிருந்து 47.04-ஐக் கழி. வரும் 1.96-ஐ 5 கிலோவால் வகுத்து நிறைமையத்தின் முடுக்கத்தைக் கண்டுபிடி. பிறகு கற்களின் முடுக்கங்களிலிருந்தும் அதையே தனியாகப் போட்டு, இரண்டும் ஒத்துவருகிறதா பார். படம் கட்டாயம் வேண்டும். காலை ஏழு மணிக்கு அப்பாவை உள்ளே அழைத்துப் போகிறார்கள், அதற்கு முன் அனுப்பு.