போடெப்ராடி: கிண்ணத்தைக் கைவிடாத அரசரின் ஊர்

ப்ராக் நகரிலிருந்து கிழக்கே ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே நீளமான பூங்கா. போடெப்ராடி இன்று இதய நோயாளிகள் சிகிச்சைக்கு வரும் ஊற்றுநீர் ஊர். நானும் பிடித்துக் குடித்துப் பார்த்தேன்: இரும்பு வாடை, லேசான உப்பு, மூக்கில் ஏறும் காற்றுக்குமிழி. அப்படியே நடந்தால் சதுக்கம் வருகிறது. நான் பார்க்க வந்த செக் அரசர் யிர்ஷி அங்கே குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். 1896-இல் வைத்த சிலை, செப்புத் தகட்டைத் தட்டித் தட்டிச் செய்தது. பின்னால் லாபே ஆற்றை ஒட்டி அவருடைய குடும்பக் கோட்டை. 1420-இல் அவர் பிறந்தது இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை.

அவர் கதை புரிய வேண்டுமானால் யான் ஹுஸிலிருந்து தொடங்க வேண்டும். திருச்சபையின் ஊழலைக் கண்டித்த அந்தப் பாதிரியாரை 1415-இல் கான்ஸ்டன்ஸில் உயிரோடு எரித்தார்கள். செக் நாடு கொதித்தெழுந்தது. பூசையில் திராட்சைரசக் கிண்ணம் குருமாருக்கு மட்டுமல்ல, எல்லா மக்களுக்கும் உண்டு என்பது ஹுஸ்ஸைட்டுகளின் கோரிக்கை. பல ஆண்டுப் போருக்குப் பிறகு 1436-இல் ஓர் ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தது.

யிர்ஷி அரச வம்சத்தவர் அல்லர், ஹுஸ்ஸைட் பிரபு ஒருவரின் மகன். 1448-இல் ப்ராக்கைப் பிடித்தார், 1452 முதல் சிறுவயது மன்னர் லாடிஸ்லாவுக்காக நாட்டை நிர்வகித்தார். 1457-இல் லாடிஸ்லாவ் பதினேழு வயதில் இறந்ததும், யிர்ஷிதான் விஷம் வைத்தார் என்று வதந்தி பரவியது. எத்தனை நூற்றாண்டு அந்தப் பழியைச் சுமந்தார்! இருபதாம் நூற்றாண்டில் எலும்புகளை ஆராய்ந்தபோதுதான் அது ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது.

1458 மார்ச் 2-ஆம் தேதி, ப்ராக் பழைய நகர்மன்றத்தில் அவரை அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் மண்டியிட்டு வாழ்த்தியவர் கத்தோலிக்கப் பிரபு ஸ்டெர்ன்பெர்க்கின் ஸ்டெனெக் என்பார்கள். ஏழே ஆண்டில் அரசருக்கு எதிரான கூட்டணிக்குத் தலைமை தாங்கியவரும் அதே ஸ்டெனெக்தான்.

ஐரோப்பிய அரசர்கள் தங்களுக்குள் போரிடாமல் இருக்க, பொதுச் சபையும் நீதிமன்றமும் அமைக்கும் திட்டம் ஒன்றை அவர் அரசவை 1460-களில் பல நாடுகளுக்கு அனுப்பியது. இன்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கத்தோலிக்கர், ஹுஸ்ஸைட்டுகள் என்ற இரண்டு பிரிவு மக்களையும் ஒரே நாட்டில் வைத்து ஆள முயன்ற பிடிவாதம். 1462-இல் போப் இரண்டாம் பயஸ், கிண்ணத்துக்கு இடம் கொடுத்த 1436 ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்தார். கிண்ணத்துக்காக மகுடத்தையும் உயிரையும் இழக்கத் தயார் என்று யிர்ஷி சபையிலேயே சொன்னார். 1466-இல் அடுத்த போப் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார்.

அப்புறம் படையெடுத்து வந்தவர் யார் தெரியுமா? அவருடைய மருமகனாக இருந்த ஹங்கேரி அரசர் மத்தியாஸ்! 1469-இல் வில்லேமோவ் அருகே மத்தியாஸின் படை வசமாகச் சிக்கியது. சமாதானத்துக்கு வாக்குக் கொடுத்தார், யிர்ஷி நம்பி விட்டுவிட்டார். சில மாதங்களுக்குள் மத்தியாஸ் ஓலொமோட்ஸில் தன்னையே செக் அரசராகத் தேர்ந்தெடுக்க வைத்துக்கொண்டார். படிக்கும்போதெல்லாம் வயிறெரிகிறது.

ப்ராக்கின் தீன் தேவாலய முகப்பில் யிர்ஷியின் சிலையும் பெரிய தங்கக் கிண்ணமும் இருந்தன. 1620-இல் வெள்ளைமலைப் போரில் கத்தோலிக்கப் பேரரசரின் படையிடம் செக் பிரபுக்கள் தோற்ற பிறகு இரண்டையும் இறக்கிவிட்டார்கள். இன்று அங்கே நிற்பது மாதா சொரூபம். தலையைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் அந்தக் கிண்ணத்தை உருக்கிச் செய்தது என்கிறார்கள்.

மகன்கள் இருந்தும் அரியணையை அவர்களுக்குக் கேட்காமல், போலந்து இளவரசர் விளாடிஸ்லாவுக்கு வழிவிட்டார் யிர்ஷி. 1471 மார்ச் 22-இல் இறந்தார். பதினான்கு ஆண்டு கழித்து, அதே விளாடிஸ்லாவின் ஆட்சியில், இரு பிரிவினருக்கும் சம உரிமை தரும் உடன்படிக்கை குட்னா ஹோராவில் கையெழுத்தானது. போடெப்ராடிவரை போகிறவர்கள் கோலினில் ரயில் மாறி அந்த ஊரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.